இடுப்பில் துண்டு கட்டிய மலை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட, நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். ஆடி மாதத்தில் குற்றாலத்துக்கு ஏரோப்ளேனை வரவழைத்தவன் நான். வரவழைத்ததோடு நின்றேனா என்றால் இல்லை, காற்றும் மழையும் வரப்போகின்றன என்று தெரிந்தே அதில் ஏறினேன். ஏறியதோடு நின்றேனா என்றால் அதுவும் இல்லை, என் பெண்டாட்டியையும் ஏற்றினேன்.

யுத்தத்துக்கு முந்திய காலம். தென்காசியில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் மத்தியானம், நகத்திலெல்லாம் எண்ணெய்க் கறுப்பேறிய ஒரு மனிதர் வக்கீல் வீட்டுக்கு வந்தார். மதராஸ்காரர். ஒரு வெள்ளைக்காரரும் அவருமாக ஒரு சின்ன ஏரோப்ளேனை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்களாம். வெள்ளைக்காரர் ஓட்டுவார், இவர் பழுது பார்ப்பார், டிக்கெட்டும் கிழிப்பார். பத்து நிமிஷம் மேலே சுற்றிக் காட்டி இறக்கிவிடுவது தொழில்.

"சார், இந்தப் பக்கம் ஜனம் எப்ப அதிகமா சேரும்? அத்த மட்டும் சொல்லுங்க" என்றார் மெக்கானிக்.

"ஆடியில வாங்க. ஜில்லா பூரா குத்தாலத்துல கெடக்கும்" என்றேன், சற்றும் யோசிக்காமல்.

எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். மற்ற ஊர்களில் மழை வந்தால் திருவிழாவைத் தள்ளிவைப்பார்கள். எங்களுக்கு மழைதான் திருவிழா. நனைவதற்கென்றே துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ரயிலேறி வருவார்கள். அந்தக் கூட்டத்தை நினைத்தேன். அந்தக் கூட்டம் எதற்காக வருகிறது என்பதை நினைக்கவில்லை. அவர் கேட்டது ஜனத்தைத்தானே? வானத்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆய்க்குடி போகிற வழியில் மேடுபள்ளமில்லாத ஒரு பொட்டலையும் நானே பார்த்துக் கொடுத்தேன். அதற்குக் கைம்மாறாக எனக்கு இரண்டு இடம் இனாம். அன்றிலிருந்து ஊரில் என் நடையே மாறிப்போயிற்று. எதிரே வருகிறவர்களிடம் "சௌக்கியமா?" என்று கேட்பதை விட்டு, "ஏரோப்ளேன் தெரியும்லா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

என் மனைவியின் அண்ணன் போலீஸில் ஹெட் கான்ஸ்டபிள். ஆடிக்கு லீவில் வந்திருந்தார். மீசையை இரண்டு பக்கமும் சமமாக வைத்திருப்பார், வாயை மட்டும் வைத்திருக்கத் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வேய் மாப்ளே! அருவிக்கரையில தள்ளி நின்னு, சொம்புல மொண்டு தலையில ஊத்துத ஆளு நீரு. ஆகாசத்துல ஏறப்போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதீராமே?"

"ஏறத்தான் போறேன் மச்சான்."

"ரெண்டு எடமாமே. இன்னொண்ணு யாருக்கு, உம்ம நடுக்கத்துக்கா?"

சிரித்தார்கள். சொம்பு விஷயம் உண்மைதான். நானும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "உம்ம தங்கச்சிக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது கேட்டது.

சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்த மச்சான் மீசை நின்றுவிட்டது. "பொம்பளை ஏறப்படாது. சொல்லிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பயந்து பயந்து சொன்னேன். அதுவரை ஏரோப்ளேன் என்றால் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. புழுங்கல் நெல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எங்க அண்ணன் ஏறப்படாதுன்னு சொல்லிட்டாரா?"

"ஆமா."

"அப்ப நான் வாறேன்."

அவ்வளவுதான். பிறந்த வீட்டில் அவள் கேட்ட 'படாது'கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பதிலாக அது இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் மலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் மேற்கே பார்க்காமல் ஒரு காரியம் தொடங்க மாட்டார்கள். அவித்த நெல் காய வேண்டுமே! உழவுக்காரர்கள் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: "மலை தலையில துண்டு கட்டினாச் சாரல், இடுப்புல துண்டு கட்டினாச் சண்டை." உச்சியில் மேகம் சுற்றியிருந்தால் வெறும் தூறல்தான். வரும், போகும், நெல்லை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்தால் போதும். உச்சி பளிச்சென்று தெரிந்து, மேகம் பாதி மலையில் வரிந்து கட்டியிருந்தால் அன்றைக்குச் செங்கோட்டைக் கணவாயிலிருந்து பேய்க்காற்று இறங்கும். சண்டைக்குப் போகிறவன் துண்டை இடுப்பில்தானே இறுக்குவான்! வெளியூர்க்காரன் கண்ணுக்கோ அது நேர்மாறாகத் தெரியும். உச்சியில் வெயிலடிப்பதைப் பார்த்து "ஆகா, என்ன நல்ல நாள்!" என்பான்.

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு வேலை உண்டு. காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது மலையைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். மற்ற வேலைகளை என்னிடம் கொடுத்துப் பார்த்து, கைவிட்டு, கடைசியில் கண் இருந்தால் போதுமென்ற வேலையாகப் பார்த்து மனைவி எனக்கு ஒதுக்கியது அது.

ஏறவேண்டிய நாள் காலையில் ஆற்றில் முங்கி எழுந்து மேற்கே பார்த்தேன். மலை இடுப்பில் துண்டு கட்டியிருந்தது. அதுவும் இறுக்கி.

ஈர வேட்டியோடு அங்கேயே நின்றேன். திரும்பிப் போய் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல அரை நொடி போதும். ஆனால் மச்சான் முகம் கண்ணில் வந்தது. அதோடு அந்தச் சொம்பும் வந்தது.

வீட்டுக்கு வந்தேன். "மலை எப்படி இருக்கு? நெல்லக் காயப் போடலாமா?" என்றாள் மனைவி.

"தாராளமாப் போடு. உச்சி பளிச்சுன்னு தெரியுது" என்றேன்.

உச்சி பளிச்சென்றுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை பொய்யில்லை. வக்கீல் குமாஸ்தா அல்லவா! அவள் முற்றம் நிறைய நெல்லைப் பரப்பிவிட்டு, இரண்டு வயது மகளைப் பக்கத்துத் தெருவில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, என்னோடு புறப்பட்டாள். வழியெல்லாம் மற்ற வீடுகளில் நெல்லை வாரி உள்ளே கொண்டுபோய்க் கொண்டிருந்தார்கள். அவள் கேட்டதற்கு, ஏரோப்ளேன் பார்க்கும் அவசரம் என்றேன். வாரிவைத்த கையோடு அவர்களும் ஏரோப்ளேன் பார்க்கத்தான் வந்தார்கள். நெல்லுக்கு ஆகாத வானம் மனிதனுக்கு ஆகுமா என்று பொட்டலில் கூடிய ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருவனுக்கு வாய் திறக்கவில்லை.

ஏரோப்ளேன் என்றால் நீங்கள் பெரிதாக நினைக்க வேண்டாம். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மேலொன்றும் கீழொன்றுமாக இறக்கை வைத்தது. முன்னால் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்கார ஒரு குழி. பின்னால் ஓட்டுகிறவருக்கு ஒரு குழி. தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. மெக்கானிக் எங்களை வாரால் கட்டி, ஆளுக்கொரு உருண்டைப் பஞ்சு கொடுத்தார். "காதுல வெச்சிக்குங்க. எஞ்சின் சத்தம் தாங்காது." நான் இரண்டு காதிலும் திணித்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரர் மலையைப் பார்த்தார். உச்சி துலக்கமாக இருப்பதைக் கட்டைவிரலைத் தூக்கி மெக்கானிக்கிடம் காட்டினார். கூட்டத்தின் முன்வரிசையில் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, நான் எப்போது இறங்கி ஓடுவேன் என்று காத்திருந்தார். அந்த மனிதரை ஏமாற்றுவதற்காகவே நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் சொல்கிறேன், அந்த உயரத்தில் என்னைக் கொல்லப் பார்த்தது காற்று அல்ல, அந்த முன்வரிசைதான்.

ஏறிவிட்டோம். தரை விலகியது. அழகை அழகில்லை என்று சொல்ல மாட்டேன். தென்காசியின் பாதி இடிந்த கோபுரம் காலடியில் போயிற்று. வயல்கள் வெற்றிலை அடுக்கினாற்போல் கிடந்தன. குற்றாலம் அருவி, பாறையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாதிரி தெரிந்தது. மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் காட்டிய எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அருவியை இன்னும் கிட்டத்தில் காட்ட வெள்ளைக்காரர் மலைப் பக்கம் ஒடித்தார். அப்போது துண்டு அவிழ்ந்தது.

மேகம் வந்தது என்று சொன்னால் போதாது. மலையின் இடுப்பிலிருந்து ஒரு பொதி உருண்டு எங்கள் மேல் விழுந்தது. கிணற்றில் வாளிக்கயிறு அறுந்தால் வாளி எப்படிப் போகுமோ, அப்படிக் கீழே போனோம். எதிலோ முட்டினாற்போல் நின்று, மறுபடியும் போனோம். மலையைத் தாண்டி விழுகிற காற்று அப்படித்தான் ஆளைக் கீழே அமுக்கும் என்று மெக்கானிக் பிற்பாடு சொன்னார். மழைத்துளி ஊசி மாதிரி கன்னத்தில் ஏறியது. இறக்கைத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் முகத்தில் கண்ணாடியும் தண்ணீரும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவருக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

எப்படியோ கிழக்கே ஒடித்துப் பொட்டலுக்கு மேல் வந்துவிட்டார். தாழ்ந்தார். கீழே மழைக்குத் தறிகெட்டு ஓடிய ஜனம் பொட்டல் முழுக்கக் குடையும் துண்டுமாகச் சிதறிக் கிடந்தது. சக்கரம் குடைகளில் உரசுமோ என்ற உயரத்தில் மறுபடியும் மேலே தூக்கினார். திரும்பவும் வெள்ளை இருட்டு. அவர் வட்டமடிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் மலை இருக்கிற ஊரில் கண்ணைக் கட்டிக்கொண்டு வட்டமடித்தால் எத்தனை சுற்றுக்குத் தாங்கும்?

மனைவி என் முகத்தைத் திருப்பி ஒரு வார்த்தை சொன்னாள். பஞ்சில் கேட்கவில்லை, உதட்டில் படித்தேன். "பிள்ளை."

செத்துவிடுவோம் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான். சாவதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அவள் காதருகே வாயை வைத்துக் கத்தினேன்.

"காலையிலேயே பாத்தேன்! இடுப்புலதான் கட்டியிருந்துச்சு! உங்க அண்ணனுக்காக மறைச்சிட்டேன்!"

அவள் அசையவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு, எஞ்சின், காற்று. கேட்டிருக்காது என்று நினைத்தேன். மனத்தின் பாரமும் இறங்கிற்று, அவளுக்கும் தெரியாது. செத்தால் இப்படிச் சாக வேண்டும்!

அப்படி லேசான பிறகுதான் மூளை வேலை செய்தது. எங்கள் சாரலுக்கு ஒரு எல்லை உண்டு. எவ்வளவு ஆட்டம் போட்டாலும் சுரண்டை தாண்டாது. தென்காசியில் குடையோடு பஸ் ஏறியவன் சுரண்டையில் இறங்கும்போது புழுதி மிதிப்பான். சுரண்டைக் கேஸ்களுக்காக நான் மாதம் நாலு தடவை போய் வருகிறவன். இதை அந்த மனிதரிடம் சொல்ல வேண்டும். ஆனால் என் ஆங்கிலம் வக்கீல் வீட்டில் கற்றது. "கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்குத் தாழ்மையுடன் தெரியப்படுத்திக்கொள்வது என்னவென்றால்" என்றுதான் அதற்குத் தொடங்கத் தெரியும். விஷயத்துக்கு வருவதற்குள் மலை வந்துவிடும்.

வாரை அவிழ்த்து, குழியில் முழங்காலிட்டுப் பின்புறம் திரும்பி, கையைக் கிழக்கே நீட்டி, பஸ் கிளீனர் மாதிரி கத்தினேன்: "சுரண்டை! சுரண்டை! சுரண்டை!"

அவருக்கு என்ன விளங்கியதோ! என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். இப்படி ஒரு முகம் பொய் சொல்லாது என்று நினைத்திருக்க வேண்டும். மூக்கைக் கிழக்கே திருப்பினார். காற்றும் முதுகில் சேர்ந்து தள்ளிற்று. மனைவி என் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவிழாமல் இருந்ததற்கும் நான் வெளியே விழாமல் இருந்ததற்கும் அவள்தான் காரணம். சிறிது நேரத்தில் வெள்ளை கிழிந்தது. கீழே வெயில். காய்ந்து கிடக்கும் கரிசல். ஒரு ஆட்டுக்கிடைக்குப் பக்கத்தில், ஆடுகளெல்லாம் நாலு திசையும் பறக்க, மூன்று தடவை குதித்து நின்றோம்.

கிடைக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்த எங்களையும், துளி ஈரமில்லாத தன் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கன இருந்து வருதிய?"

"தென்காசி."

"ஏன், பஸ்ஸு ஓடலியா?"

வெள்ளைக்காரர் இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, மழை அரைமணியில் ஓய்ந்துவிடும், உங்களையும் மேலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் மனைவி வண்டிப்பாதையில் பாதி தூரம் போயிருந்தாள். ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

பஸ்ஸில் நான் வாயை மூடவில்லை. "இதெல்லாம் திடீர்னு வாறதுல்லா. யாராலச் சொல்ல முடியும்? ஆண்டவன் செயல்" என்றெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வீட்டில், முற்றத்து நெல் முழுக்க நனைந்து ஊறி, கோழிகளுக்குப் பந்தியாகியிருந்தது. மிஞ்சியதை வாரினாள். பொழுது சாய்ந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து மெக்கானிக் கொடுத்த பஞ்சை எடுத்தாள். "நல்ல பஞ்சு. காதுல வச்சு வீணாக்கவா?" என்று அதைத் திரியாகத் திரித்து விளக்கேற்றினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்து என்ன செய்ய? என் கண்ணுக்கும் புத்திக்கும் பஸ் வசதி கிடையாது.

மறுநாள் விடிந்ததும் ஏரோப்ளேன் பொட்டலுக்குத் திரும்பிவிட்டது. நேற்று வந்ததைப்போல் இரண்டு மடங்கு கூட்டம். பிழைத்து வந்த கதை பரவினால் பயம் வரும் என்றுதானே நினைப்போம்? எங்கள் ஊரில் ஆசை வந்திருந்தது. முதல் டிக்கெட் மச்சானுடையது.

"சுரண்டையில ஆடு மேய்க்கப் போனீராமே வேய்!" என்றார் என்னைக் கண்டதும். "நான் எப்படிப் போயிட்டு வாறேன் பாரும்."

நான் மேற்கே பார்த்தேன். உச்சியில் வெயில். இடுப்பில் துண்டு.

அப்போது எனக்கு வந்தது வீரமா, முதல் நாள் கடன்பட்ட வெட்கமா என்று தெரியாது. மச்சான் ஒரு காலைத் தூக்கி இறக்கையில் வைக்கும்போது, நான் போய் ஏரோப்ளேன் மூக்கில் சுழலும் விசிறிக்கு முன்னால் குடையை விரித்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு இது ஏறாது."

"எந்திரியும் வேய். போலீஸ்காரன் சொல்லுதேன்."

"லத்தி இருந்தாக் கொண்டாரும். மலை துண்டை அவுக்குத வரைக்கும் இந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

கூட்டம் கூச்சலிட்டது. "பயந்தாங்கொள்ளி!" என்றது ஒரு குரல். "சொம்பு!" என்றது இன்னொன்று. நேற்று அந்த ஒரு சொல்லுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவன், இன்று அதைக் காதில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஆமா, சொம்புதான்! குத்தாலத்துல சொம்புல குளிச்சு எவனாவது செத்திருக்கானா?" என்று திருப்பிக் கத்தினேன். ஏறுகிறவர்கள் இறங்கவும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன், ஏறவே கூடாது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நல்ல வானமாகப் பார்த்துக் கூப்பிட்டால் நாளைக்கே ஏறுவேன்.

வெள்ளைக்காரர் இறங்கி வந்து, உச்சியைக் காட்டி, எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றார். நான் எழுந்திருக்காமலே, "கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ஆகாயத்தில் உதவாத அந்த ஆங்கிலம் தரையில் வேலை செய்தது. கிரயப் பத்திரம் மாதிரி மலைக்கு நான்கெல்லை சொன்னேன். மேகத்துக்கு நான்கெல்லை சொன்னேன். நெல் அவிக்கும் முறை சொன்னேன். கோழிகளைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெக்கானிக் கெஞ்சினார். நான் இன்னும் மனுவின் கடைசியில் வரும் பிரார்த்தனைப் பத்திக்கே வரவில்லை, அதற்குள் என் குடை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆய்க்குடிப் பக்கம் போயிற்று.

காற்று! டிக்கெட் மேஜை கவிழ்ந்தது, கூடாரம் பறந்தது. காலியாக நின்ற ஏரோப்ளேன் ஒரு பக்க இறக்கையைத் தூக்கியது. வெள்ளைக்காரர் ஓடிப் போய் ஒரு முனையில் தொங்கினார். மெக்கானிக் இன்னொன்றில். "ஏலே, பிடிங்கலே! பிடிங்கலே!" என்று அலறிக்கொண்டு மச்சான் வாலைக் கட்டிக்கொண்டார். நானும் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஹெட் கான்ஸ்டபிளின் மீசை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் இருந்ததை ஊர் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மழை ஓய்ந்ததும் வெள்ளைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மச்சான் டிக்கெட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, "வாரும் வேய், காப்பி குடிப்போம்" என்றார்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பொட்டல் ஓரம் ஒரு புளிய மரத்தடியில் என் மனைவி நின்றிருந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளிடம் போனேன்.

"பாத்தியாட்டி! ஊரே எதுத்து நின்னுச்சு. அசைஞ்சனா? எத்தனை உசிரு!"

மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"இத நேத்து நெல்லக் காயப் போடுததுக்கு முன்னச் சொல்லியிருக்கலாம்."